இரகசியப் பக்க முத்திரை: வேலூர்க் கல்லூரி ஒன்றின் நகல் நூல்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

சென்னையிலிருந்து வந்த அந்தக் கடிதம் ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது. வக்கீல் நோட்டீஸ் இல்லை. சிறிய பதிப்பகம் ஒன்றின் உரிமையாளர் தாமே எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். தாம் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பு முழுவதும் எங்கள் கல்லூரி இணையதளத்தில் ‘மின்பாடங்கள்’ என்ற பகுதியில் கிடக்கிறது என்றும், உலகில் யார் வேண்டுமானாலும் அதை இறக்கிக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார். சான்றுக்கு இரண்டு பக்கங்களை அச்செடுத்து இணைத்திருந்தார். ஒன்றில், ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல் ஓரத்தில் நிழலாக விழுந்திருந்தது. மற்றொன்று 51ஆம் பக்கம். அதன் அடியில் ஊதா மையில் நீள்வட்ட முத்திரை.

அது எங்கள் நூலக முத்திரை. தலைப்புப் பக்கத்தை யாராவது கிழித்துவிட்டாலும் நூல் யாருடையது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, உள்ளே ஏதாவதொரு குறிப்பிட்ட பக்கத்தில் மறுபடி முத்திரை குத்துவது நூலகங்களின் வழக்கம். அதை இரகசியப் பக்கம் என்போம். எங்களுக்கு அது 51. அந்த முத்திரையை என் கையாலேயே பல ஆண்டுகளாகக் குத்திவருகிறேன். களவுபோன நூலை அடையாளம் காண வைத்த குறி, இன்னொருவருடைய புகாருக்குச் சான்றாகத் திரும்பி வந்ததைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

முதல்வர் மூவர் குழு அமைத்தார். தமிழ்த்துறைத் தலைவர், கணினி அறிவியல் ஆசிரியர் ஒருவர், நூலகர் என்ற முறையில் நான். கல்லூரியின் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் இங்கே தவிர்க்கிறேன். நடந்தது என்ன, சட்டம் என்ன சொல்கிறது, நாங்கள் என்ன முடிவெடுத்தோம் என்பதை மட்டும், இதே சிக்கலில் நிற்கும் பிற கல்லூரி நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

நடந்தது

எங்கள் மாணவர்கள் குடியாத்தம், லத்தேரி, பொன்னை, அணைக்கட்டுப் பக்கங்களிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்கள். வீட்டில் தறி ஓடும், பீடி சுற்றுவார்கள், இராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கு அம்மா வேலைக்குப் போவார். முதுகலைத் தமிழ் வகுப்பில் அந்த ஆண்டு 38 பேர். இக்கால இலக்கியத் தாளுக்குப் பாடநூலாக இருந்த அந்தச் சிறுகதைத் தொகுப்பின் விலை 280 ரூபாய். ஒரு பருவத்தில் இதுபோல ஐந்தாறு நூல்கள் வாங்க வேண்டியிருக்கும். நூலகத்தில் அதன் பிரதி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கொரோனா காலத்தில் வகுப்புகள் ஆன்லைனுக்குப் போனபோது அந்த ஒரு பிரதியும் மாணவர்களுக்கு எட்டாமல் போயிற்று. பாடம் எடுத்த ஆசிரியர் நூலை வாங்கிக்கொண்டு போய் வீட்டிலேயே செல்பேசியில் ஸ்கேன் செய்து, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அவர் செய்தது அவ்வளவுதான். பிறகு தரமதிப்பீட்டுக் குழு வருகிறது, துறைக்கு இத்தனை மின்பாடம் காட்ட வேண்டும் என்று நெருக்கடி வந்தபோது, கையிலிருந்த பிடிஎஃப் கோப்புகள் எல்லாம் இணையதளத்தில் ஏற்றப்பட்டன. எது ஆசிரியர் எழுதிய குறிப்பு, எது அச்சான நூல் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. கொரோனா முடிந்து மாணவர்கள் வகுப்பறைக்குத் திரும்பினார்கள். கோப்பு மட்டும் அங்கேயே இருந்தது.

கடிதம் வந்ததும் கல்லூரியில் பெரும் அச்சம் பரவியது. அச்சத்தில் எடுத்த முதல் முடிவு தவறானது. காட்பாடியில் எங்கள் ஆசிரியர்கள் வழக்கமாக நகலெடுக்கும் ஜெராக்ஸ் கடைக்கு ஆள் அனுப்பி, இனி எந்தத் துறைக்கும் ‘மெட்டீரியல்’ போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைக்காரர் மறுநாள் நேரே நூலகத்துக்கு வந்தார். “சார், பத்து வருஷமாக ஆசிரியர்கள் குறித்துக் கொடுத்த பக்கங்களைத்தான் போட்டுக் கொடுக்கிறேன். நான் செய்தது குற்றமா? பிள்ளைகள் பரீட்சைக்கு என்ன படிப்பார்கள்?” என்று கேட்டார். அவருக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தேடியதுதான் எங்கள் குழுவின் பாதி வேலை.

ஜெராக்ஸ் கடைக்கு விடை

கடையில் தயாரானது ஒரு தொகுப்பு. நாட்டார் வழக்காற்றியல் தாளுக்காக ஏழு நூல்களிலிருந்து ஒவ்வோர் இயல், ஸ்பைரல் பைண்டிங் போட்டது. பாடத்திட்டத்தின் அலகு வரிசையிலேயே அடுக்கியிருந்தது. இதற்கும் இணையதளத்தில் கிடந்த முழு நூலுக்கும் சட்டத்தின் கண்ணில் பெரிய வேறுபாடு இருக்கிறது. எங்கள் கல்லூரி இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தூக்கி எறியப் பார்த்தது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று பட்டியலிடுகிறது. அதன் முதல் உட்பிரிவில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்திட்ட கூறு நமக்கானது. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் ஒரு படைப்பை நகலெடுக்கலாம், தேர்வு வினாத்தாளில் அதைப் பயன்படுத்தலாம், விடைத்தாளிலும் எழுதலாம். எத்தனை பக்கம், எத்தனை விழுக்காடு என்ற அளவு அந்தக் கூறில் கிடையாது. பத்து விழுக்காடு வரை நகலெடுக்கலாம் என்று ஆசிரியர் அறைகளில் வழங்கும் கணக்கு நம் சட்டத்தின் இந்தக் கூறில் எங்கும் இல்லை.

இந்தக் கூறின் பொருளைத் தெளிவாக்கியது தில்லி வழக்கு. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸும் சேர்ந்து, தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடையின் மீதும் வழக்குத் தொடுத்தன. பல்கலைக்கழகம் கடைக்குக் கொடுத்த உரிமத்தில் பக்கத்துக்கு 40 காசு என்று விலை இருந்தது. ஆசிரியர்கள் பரிந்துரைத்த இயல்களைத் தொகுத்து மாணவர்களுக்குக் கொடுத்ததுதான் குற்றச்சாட்டு. எங்கள் காட்பாடிக் கடைக்காரர் செய்ததும் அதையேதான். அக்டோபரில் இடைக்காலத் தடை வந்தது. அமர்த்தியா சென் உட்பட ஏராளமான கல்வியாளர்கள் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார்கள். யாருடைய நூல்களைக் காப்பதாகச் சொல்லி வழக்குத் தொடுத்தார்களோ, அந்த ஆசிரியர்களில் பலரே அந்த வேண்டுகோளில் கையெழுத்திட்டிருந்தார்கள்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று நீதிபதிகள் பிரதீப் நந்த்ரஜோக், யோகேஷ் கன்னா அமர்வு சட்டத்தின் பொருளை விரித்துச் சொன்னது. கற்பித்தல் என்பது வகுப்பறையில் மணியடித்து மணியடிக்கும் வரை நடப்பது மட்டுமல்ல. பாடத்துக்கு முன் படிக்கக் கொடுப்பதும் பின் படிக்கக் கொடுப்பதும் அதில் அடங்கும். ஒரே ஆசிரியர், ஒரே மாணவர் என்று குறுக்கிப் படிக்கத் தேவையில்லை. நகலெடுக்கும் வேலையை ஆசிரியர் கடைக்காரரிடம் ஒப்படைத்தால் அதனால் மட்டும் அது குற்றமாகிவிடாது. பார்க்க வேண்டியது, எடுத்த அளவு கற்பித்தலின் தேவைக்கு உட்பட்டதா என்பது.

இத்தோடு நிற்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். அந்த அமர்வு வழக்கை முழுவதுமாக முடித்துவைக்கவில்லை. தொகுப்பில் சேர்த்தவை உண்மையிலேயே பாடத்துக்குத் தேவையானவையா, முழு நூல்களை நகலெடுப்பது செல்லுமா என்ற இரண்டையும் விசாரிக்கும்படி திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. நூல்களை நகலெடுக்க உரிமம் வழங்கும் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மே மாதத்தில் அந்த மனுவும் தள்ளுபடியானது. ஆகவே இயல் தொகுப்புக்கு விடை கிடைத்தது. முழு நூலுக்கு அந்த வழக்கில் விடை கிடைக்கவில்லை. தில்லி உயர்நீதிமன்றத் தீர்ப்பு சென்னை உயர்நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் எடுத்துக்காட்ட அதற்கு மிகுந்த வலு உண்டு.

எங்கள் தொகுப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாடத்திட்டத்தோடு வைத்துப் பார்த்தோம். ஏழு இயல்களில் ஆறு நேரடியாக அலகுகளுக்கு உரியவை. ஏழாவது, ஆசிரியருக்குப் பிடித்த கட்டுரை; தேர்வுக்கும் வகுப்புக்கும் தொடர்பில்லை. அதை எடுத்துவிட்டோம். கடைக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன்: தொகுப்பைப் போடலாம், எங்கள் வகுப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் போட வேண்டும், மூலப்படியைக் கடையில் வைத்துக்கொண்டு வெளியாட்களுக்கு விற்கக் கூடாது. அவர் அதற்கு உடனே ஒப்புக்கொண்டார். அவரை அலைக்கழித்ததற்குக் கல்லூரி சார்பில் வருத்தமும் தெரிவித்தேன். அது அவருக்குச் சேர வேண்டிய கடன்.

முழு நூல்

இங்கேதான் குழுவில் கருத்து வேறுபாடு வந்தது. சிறுகதைத் தொகுப்பு முழுவதுமே பாடம். எல்லாக் கதைகளும் தேர்வுக்கு உண்டு. அப்படியானால் முழு நூலும் கற்பித்தலுக்குத் தேவைதானே என்றார் துறைத்தலைவர். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. பொதுமுடக்கத்தில் நூலகம் பூட்டிக் கிடந்தபோது 38 பேருக்கு மட்டும் அனுப்பியதை நானும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் புகார் வந்தது வாட்ஸ்அப் கோப்புக்கு இல்லை. இணையதளத்தில் திறந்து கிடந்த கோப்புக்கு. ‘ஐ’ கூறு நகலெடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. திறந்த தளத்தில் ஏற்றுவது பொதுமக்களுக்குப் பரப்புவது. சட்டத்தின் 14ஆம் பிரிவு அதைத் தனி உரிமையாகவே வைத்திருக்கிறது. அங்கே வந்து இறக்கிக்கொண்டவர்கள் எங்கள் மாணவர்களா என்று எங்களுக்கே தெரியாது. கற்பித்தல் என்ற குடைக்குள் அது வராது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. விற்பனையில் கிடைக்காத நூலாக இருந்தால் நூலகத்துக்கென மூன்று படிகள் வரை எடுக்க ஒரு வழி இருக்கிறது. இந்த நூல் விற்பனையில் இருந்தது. போதாக்குறைக்கு, ஸ்கேன் செய்த கோப்பு ஏழாம் பக்கத்தில்தான் தொடங்கியது. எழுத்தாளர் பெயர் உள்ள பக்கமும் பதிப்புரிமைப் பக்கமும் இல்லை. படைப்பில் தம் பெயர் நிற்க வேண்டும் என்று கேட்கும் உரிமையை 57ஆம் பிரிவு எழுத்தாளருக்குத் தருகிறது. பதிப்புரிமையை விற்றுவிட்டாலும் அந்த உரிமை அவரை விட்டுப் போகாது.

சட்டத்தைத் தாண்டியும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தில்லி வழக்கில் எதிரே நின்றவை உலகெங்கும் கிளை பரப்பிய பதிப்பகங்கள். எங்களுக்குக் கடிதம் எழுதியவர் சில நூறு பிரதிகள் அச்சிட்டு, புத்தகக் கண்காட்சியையும் அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் ஆணையையும் நம்பி நிற்பவர். தமிழில் எழுத்தாளருக்குக் கிடைப்பது பெரும்பாலும் விலையில் பத்து விழுக்காடு. இந்த நூலுக்கு அது பிரதிக்கு 28 ரூபாய். ஒரு சிறுகதைத் தொகுப்பு கல்லூரிப் பாடமாவது அபூர்வமான வாய்ப்பு. அப்படிப் பாடமாகும் ஆண்டில்தான் அந்த நூல் விற்கும். அந்த ஆண்டில் நாங்கள் முழு நூலையும் இலவசமாகத் திறந்து வைத்தோம். அவருடைய கடிதத்தில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கோப்பு அன்றே நீக்கப்பட்டது. முதல்வர் கையொப்பமிட்ட மன்னிப்புக் கடிதம் போயிற்று. நூலகம் பத்துப் பிரதிகள் வாங்கியது; அவற்றில் இரண்டை வெளியே எடுத்துச் செல்ல முடியாத பிரதிகளாக வைத்தேன், மாலை பஸ் வரும் வரை உட்கார்ந்து படிக்கிறவர்களுக்காக. பதிப்பாளர் மாணவர்களுக்குச் சலுகை விலை கொடுக்க முன்வந்தார்; 14 பேர் சொந்தப் பிரதி வாங்கினார்கள்.

பார்வையற்ற மாணவர்

நீக்கும் வேகத்தில் இன்னொரு தவறு நடக்கவிருந்தது. அதே வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் படித்தார். அவருக்காக அவருடைய தோழிகள் இருவர் அந்த நூல் முழுவதையும் ஒருங்குறியில் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார்கள். செல்பேசி அதை வாசித்துக் காட்டும். இணையதளக் கோப்பு நீங்கிய செய்தி பரவியதும் அந்தப் பெண்கள் பயந்துபோய் என்னிடம் வந்தார்கள். “ஐயா, நாங்கள் முழு நூலையுமே அடித்துவிட்டோமே, அழித்துவிடட்டுமா?” என்று கேட்டார்கள்.

அழிக்கக் கூடாது என்று சொன்னேன். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் 52ஆம் பிரிவில் ‘இசட்பி’ என்ற கூறைச் சேர்த்தது. மாற்றுத்திறனாளிகள் ஒரு படைப்பை அணுகுவதற்கேற்ற வடிவில் அதை நகலெடுக்கவும், கல்விக்காக அவர்களோடு பகிரவும் அந்தக் கூறு எவருக்கும் இடம் தருகிறது. இலாபம் பார்க்கக் கூடாது. செய்த செலவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். முழு நூல் என்பதால் தடை இல்லை. பார்வையற்றோருக்கு நூல் கிடைப்பதற்கான மராகேஷ் உடன்படிக்கையை உலகில் முதன்முதலாக ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா, ஆண்டு 2014. அந்த இரண்டு பெண்களும் செய்த வேலையைக் கல்லூரி பாராட்ட வேண்டும் என்று குழு அறிக்கையில் எழுதினோம். கோப்பு இப்போது நூலகத்தில் இருக்கிறது. தேவையுள்ள மாணவருக்கு மட்டும் கொடுக்கிறோம்.

பாடநூல் பட்டியலைத் திரும்பப் பார்த்தது

இந்த வேலையில் இறங்கியபோது, பணமும் பயமும் இல்லாமலே கிடைக்கும் நூல்களைக்கூட எங்கள் துறை நகலெடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பாரதியின் எழுத்துகளுக்கு 1949லேயே அன்றைய சென்னை மாகாண அரசு உரிமை வாங்கி, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியது. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் என்ற கணக்கில் 2008 முடிவு வரை உரிமை இருந்திருக்க வேண்டும்; ஆனால் 2002லேயே தமிழக அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமையாக்கிவிட்டது. உ.வே.சா. மறைந்தது 1942, அப்போதிருந்த 50 ஆண்டுக் கணக்கில் 1992இல் முடிந்திருக்க வேண்டியது, காலம் 60 ஆண்டாக நீண்டதால் 2002 வரை போயிற்று. இன்று அவருடைய எழுத்தும் பொதுவுடைமை. நாட்டுடைமையான நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் கிடக்கின்றன. தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் ஏராளம் உண்டு. இந்த இணைப்புகளை அலகு வாரியாகத் தொகுத்து மாணவர்களுக்குக் கொடுத்தேன். சங்கப் பாட்டுக்கு உரிமையாளர் கிடையாது, ஆனால் இன்று ஒருவர் எழுதிய உரைக்கு உண்டு என்பதை ஆசிரியர்களுக்கு இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது.

ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தைச் சிலர் கேட்டார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த அத்திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். அரசு நிர்வாகத்தில் உள்ள நிறுவனங்களுக்கு அது பெரும் கொடை. எங்கள் கல்லூரி அந்த வகையில் வராது. வந்தாலும் அது ஆய்விதழ்களுக்கானது. சிறுகதைத் தொகுப்புக்கு உதவாது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது, நாங்கள் தேடிப் போகாமலே கையில் அகப்பட்டது. முதலாண்டுப் பொதுத்தமிழுக்காகத் துறையே அச்சிட்டு விலைக்கு விற்ற செய்யுள், சிறுகதைத் திரட்டு. அதில் உயிரோடு இருக்கும் ஐந்து எழுத்தாளர்களின் முழுக் கதைகளும் கவிதைகளும் இருந்தன. ஒருவரிடமும் அனுமதி வாங்கவில்லை. இது வகுப்புக்கான ஜெராக்ஸ் கிடையாது, வெளியீடு. கல்விக்கான திரட்டுக்குச் சட்டத்தில் தனிக் கூறு இருக்கிறது. ஆனால் திரட்டின் பெரும்பகுதி பதிப்புரிமை இல்லாதவையாக இருக்க வேண்டும். எடுப்பது சிறு பகுதிகளாக இருக்க வேண்டும். ஓர் எழுத்தாளரிடமிருந்து அதே பதிப்பாளர் ஐந்தாண்டில் இரண்டு பகுதிகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. எங்கள் திரட்டு இந்த நிபந்தனைகளில் எதற்கும் அடங்கவில்லை. தம் கதை எந்தக் கல்லூரியிலோ பாடமாக இருப்பதை ஏதோவொரு மாணவர் சொல்லித்தான் தமிழ் எழுத்தாளர் அறிகிறார் என்ற நிலைக்கு நாங்களும் ஒரு காரணம்.

ஐவருக்கும் கடிதம் எழுதினோம். இதுவரை மூவர் பதில் அனுப்பியிருக்கிறார்கள். இருவர் அனுமதி தந்து, ஒரு தொகையும் கேட்டார்கள்; கல்லூரி கொடுத்துவிட்டது. மூன்றாமவர் பணம் வேண்டாம், திரட்டில் இரண்டு பிரதி அனுப்புங்கள், கதையில் ஒரு பத்தி விடுபட்டிருக்கிறது, அடுத்த பதிப்பில் அதைச் சேர்த்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். விடுபட்ட பத்தியைத் தம் கையெழுத்தில் அதே தாளில் எழுதியும் அனுப்பியிருந்தார். பதில் வராத இருவரின் படைப்புகளை அடுத்த பதிப்பில் நீக்கிவிட்டு, அவர்களைத் தொடர்ந்து தேடுவது என்று துறை தீர்மானித்திருக்கிறது.